சாய்ந்த வளையம்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற சந்தில் இருக்கும் அந்தக் காபிக் கடைக்கு அஸ்மத் போனது கட்டில் அளக்கத்தான். மாடியில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். மெத்தையெல்லாம் குழி விழுந்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் புருஷன் சாந்த் பாஷாவுக்குத் தேரடித் தெருப் பக்கம் பஞ்சு மெத்தைக் கடை, அதை ஒட்டியே வீடு. படி ஏறினால் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் அளவெடுக்கிற வேலை எப்போதோ அஸ்மத் தலையில் விழுந்துவிட்டது. புர்காவுக்கு மேல் டேப்பை மாலை மாதிரி போட்டுக்கொண்டு அவள் ஊரில் ஏறி இறங்காத லாட்ஜ் இல்லை.

கட்டிலின் நீளத்தை அளந்துவிட்டு அகலத்துக்குக் குனிந்தபோது ஜன்னல் திரை கண்ணில் பட்டது. வெள்ளைத் துணி. அதன் அடியோரத்தில் விரலகலத்துக்கு லேஸ். மெஷின் லேஸ் இல்லை, குரோஷாவும் இல்லை. டாட்டிங். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஷட்டிலில் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு, முடிச்சு முடிச்சாகப் போட்டு, வளையமாக இழுத்து, வளையத்தோடு வளையம் கோர்த்துக்கொண்டே போகிற வேலை. அஸ்மத்தும் அதைப் போடுகிறவள்தான் என்பதால் சும்மா பார்க்கலாமென்று கிட்டே போனாள். ஒவ்வொரு பூவிலும் இதழ்கள் நேராக நிற்காமல் வலப்பக்கமாக ஒரு துளி சாய்ந்திருந்தன. டேப் கழுத்திலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அது உஸ்மாவின் கை. அவள் பெற்ற ஒரே பெண்ணின் கை.

உஸ்மா வீட்டை விட்டுப் போய் ஒரு ரம்ஜானும் ஒரு பக்ரீதும் கழிந்துவிட்டன. ஆம்பூரில் மாப்பிள்ளை பேசி, பூ வைத்துவிட்டுப் போன பிறகு, மேலே படிக்க வேண்டும் என்று அழுதாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீயாவது சொல்லேன் அம்மி" என்று தாயின் முன்னால் வந்து நின்றாள். அஸ்மத் கையில் அப்போது பாதி வளையம் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தால் பதில் சொல்ல வேண்டுமே. மறுநாள் ஜெராக்ஸ் எடுக்கப் போன பெண் திரும்பவில்லை.

போலீசில் சொன்னார்கள். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, வேறு ஏதோ ஊர் ஸ்டேஷனில் அவளே வந்து எழுதிக் கொடுத்துவிட்டாள், தனியாகத்தான் இருக்கிறாள், யாரும் தேட வேண்டாம் என்கிறாள் என்றார்கள். "எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்று அஸ்மத் அந்தப் பெண் போலீஸின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "மேஜர் பொண்ணும்மா. சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கினா, நாங்க இன்னா பண்றது?" என்று அந்த அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். தெருவில் இருந்தவர்கள் மட்டும் என்ன சும்மாவா இருந்தார்கள்? நரம்பில்லாத நாக்கால் ஆளுக்கொரு பையனின் பெயரை அவளோடு சேர்த்து வைத்துப் பேசினார்கள். ஆம்பூர்க்காரர்கள் வேறு இடத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். சாந்த் பாஷா பேச்சையே குறைத்துக்கொண்டார். மகளைப் பற்றி அஸ்மத் வாயெடுத்தால் எழுந்து கடைக்குப் போய்விடுவார், கடை அடைக்கிற நேரமாக இருந்தாலும்.

லேஸ் கதை வேறு. ஊரடங்கு சமயத்தில் உஸ்மா போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டாள். பிறகு அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஆமாம், பெண்தான் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். விரலில் நூல் மாட்டத் தெரியாமல் அஸ்மத் முழிப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பாள். ஆனால் கை பழகியதும் குருவின் தப்பைச் சிஷ்யை கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வளையத்தை அடுத்த வளையத்தோடு சேர்க்கும்போது நூலை மேலே இழுக்கிறோம் இல்லையா, அந்த இழுப்பே பாதி முடிச்சுக்குச் சமம். அதற்குப் பிறகு மீதிப் பாதியைத்தான் போட வேண்டும். உஸ்மா முழு முடிச்சாகப் போட்டுவிடுவாள். அந்த அரை முடிச்சு ஜாஸ்தியாகி இதழ் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வளையத்தை இழுத்து மூடிவிட்டால் பிறகு பிரிக்கவும் முடியாது, கத்தரிக்கத்தான் முடியும்.

"இங்க பாரு, உன்னுது எல்லாம் தூங்கி விழுது. என்னுது பாரு, எப்டி நிமிந்து நிக்குது" என்று அஸ்மத் வம்புக்கு இழுப்பாள்.

"காத்துல ஆடற பூ நேராவா நிக்கும்? எனக்கு இதான் புடிச்சிருக்கு. நான் மாத்த மாட்டேன் போ அம்மி."

மாற்றவே இல்லை. அதனால்தான் இப்போது, அந்த வாடகை அறையில், அஸ்மத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பெண் இந்த ஊரில்தான் இருக்கிறாள். இந்த மலையைத்தான் அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் சந்து சந்தாகக் கட்டில் அளந்துகொண்டு திரிகிறேன், அவள் ஏதோ ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து திரைக்கு லேஸ் பின்னிக்கொண்டிருக்கிறாள்.

கீழே கடையை நடத்துகிற ஓவியா என்ற பெண் காபி கலந்துகொண்டிருந்தாள். சென்னைக்காரி, நல்ல மாதிரி. அஸ்மத் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அந்த ஸ்கிரீன், மாடியில இருக்குதே, யாரும்மா போட்டுக் குடுத்தது?"

"அதுவா? நான் லீசுக்கு எடுக்கும்போதே இருந்தது ஆன்ட்டி. ஹவுஸ் ஓனர் அம்மா போட்டது. ஏன், உங்களுக்கும் வேணுமா?"

"வேணும்மா" என்றாள் அஸ்மத். விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஹவுஸ் ஓனர் அம்மா வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புதிதாக வீடு கட்டிக்கொண்டு போனவள், பெயர் ராஜம்மாள். கட்டில் அகலம் அளக்கப்படாமலே கிடக்க, அஸ்மத் ரோட்டுக்கு வந்தாள். மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு இப்போதே கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பி விட்டிருந்தார்கள், ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. வெயிலில் நடந்தாள். எதிரே வருகிற ஒவ்வொரு இளம் பெண்ணின் முகத்தையும் விடாமல் பார்த்தாள். ஒருத்தி முறைத்தாள். ஒருத்தி, ஏதாவது வேண்டுமா என்று நின்று கேட்டாள். பெரியார் சிலை வந்த பிறகுதான் ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது.

ராஜம்மாள் வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். நிலபுலனோடு இருந்த குடும்பம். ஆசிரமப் பக்கம் இருந்த கொல்லையில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆனாலும் மிளகாயை அவள் யாரையும் நம்பி விடுவதில்லை.

"வாம்மா, உக்காரு. ஏன் இப்டி வேர்த்து ஊத்துது உனுக்கு? தண்ணி குடி மொதல்ல." சொம்பை நீட்டிவிட்டுத்தான் விஷயம் கேட்டாள். கேட்டதும் சிரித்தாள். "அந்த லேசா? போன தையில வாங்கினு வந்து போட்டேன். நம்ம போளூர் ரோட்டுல ஸ்கிரீன் தைக்கிறா இல்ல, சரசு, அவகிட்ட. கையால பின்னுனதுன்னு ஒரே பெருமையா சொன்னா."

தையில். உஸ்மா போனது அதற்கு முந்தின கோடையில். அப்படியென்றால் இந்த லேஸ் அவள் வீட்டை விட்டுப் போன பிறகு பின்னியது. அஸ்மத் கணக்குப் போட்டுப் பார்த்தாள், சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்த நொடி சரசுவின் முகம் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

ஏனென்றால் சரசு வேற்று ஆள் இல்லை. அஸ்மத் பின்னுகிற லேசையெல்லாம் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறவள் அவள்தான். "உங்க சரக்கு பூரா மெட்ராஸ் பார்ட்டிக்குப் போவுது அக்கா" என்று வரும்போதெல்லாம் சொல்லுவாள். உஸ்மா போன பிறகு வந்து, அஸ்மத்தைக் கட்டிக்கொண்டு கூட அழுதவள். அப்படிப்பட்டவள் இன்னொரு பக்கம் என் பெண்ணிடமும் லேஸ் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறாளா! பாவி. இருக்கட்டும், அவள் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது எனக்கு என் பிள்ளை கிடைத்துவிட்டாள். நினைக்க நினைக்க அஸ்மத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பஸ் ஸ்டாப்பில் நின்று கொண்டு புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, கெடச்சிட்டாங்க. உஸ்மா கெடச்சிட்டா. இந்த ஊர்லதான் இருக்கா. சரசுவுக்கு எடம் தெரியும். நான் போயி கூப்பிட்டுக்கினு வரேங்க."

 அந்தப் பக்கம் பஞ்சு கொட்டுகிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சாந்த் பாஷா ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டார். கோபம்தான். இருக்கட்டும், பெண்ணை நேரில் பார்த்தால் அவர் மனசு என்ன கல்லா, கரையாமல் போக என்று அஸ்மத் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒருவேளை கரையாவிட்டால்? அப்படியானால் பெண்ணோடு தானும் வெளியே நிற்பது என்று அந்த பஸ் ஸ்டாப்பிலேயே முடிவு செய்துகொண்டாள். முன்பு நிமிராத தலை இந்த முறை நிமிரும்.

சரசுவின் கடை வாசலில் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கடி என் பொண்ணு?"

மெஷினில் திரை தைத்துக்கொண்டிருந்த சரசு மிரண்டு போய் எழுந்தாள். "அக்கா, இன்னா ஆச்சு? உக்காருங்க அக்கா."

"உக்கார வரல. என் பொண்ணுகிட்ட லேஸ் வாங்கினு, எங்கிட்ட மறைச்சிட்டியே, நல்லா இருப்பியா நீ? எடத்தச் சொல்லு போதும். உன் கால்ல வேணா விழறேன்." சொன்னபடியே குனிந்தும்விட்டாள். சரசு பதறிப்போய் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

வேங்கிக்கால் ராஜம்மாள் பெயரைச் சொன்ன பிறகுதான் சரசுவுக்கு விஷயம் பிடிபட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன் அக்கா. மெட்ராஸ் பார்ட்டின்னு யாரும் கெடையாது. எல்லாம் உள்ளூருதான். மெட்ராஸ்னு சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்களேன்னு சும்மா சொன்னேன். ராஜம்மாள் வீட்டுக்குப் போனது உங்க லேசு."

"இல்ல."

"உங்களுதுதான் அக்கா. மார்கழியில, ஒரு கட்டைப்பை நெறைய குடுத்தீங்களே, ராவு பகலா பின்னுனேன்னு சொல்லிக்கினு. எங்கிட்ட டாட்டிங் குடுக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"இல்லடி. நான் போடறது நேரா நிக்கும். சாஞ்சி கெடக்கிறது உஸ்மா போடறது. எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?" அஸ்மத் பைக்குள் கையை விட்டு ஷட்டிலை எடுத்தாள். அது எப்போதும் அவளோடு இருக்கும். "பாரு. இப்பவே போட்டுக் காட்டறேன், பாரு நீ."

கடை ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கை விரல்களில் நூலைச் சுற்றினாள்.  முடிச்சு விழ ஆரம்பித்ததும் கை தன் வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரு வளையம் முடிந்தது, இழுத்து மூடினாள். அடுத்த வளையத்தில் பாதி. முதல் வளையத்தின் ஓரக் கண்ணியில் நூலை விட்டு மேலே இழுத்தாள். இனி அரை முடிச்சு. ஷட்டில் உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று. முழு முடிச்சு.

அஸ்மத் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தவும் தோன்றவில்லை. மீதி முடிச்சுகளையும் போட்டு வளையத்தை இழுத்தாள். அது வலப்பக்கம் சாய்ந்து, முதல் வளையத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

"கை நடுக்கம்" என்றாள்.  மூன்றாவதை நினைவு வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டாள். நேராக வந்தது. "பாத்தியா?" என்று சரசுவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நான்காவதைப் போட்டாள். பார்வை வேறு பக்கம் போனதும் கை தன் பாட்டுக்குப் போயிற்று. அதுவும் சாய்ந்தது.

எப்போதிலிருந்து இப்படி? அவளுக்குத் தெரியவில்லை. பெண் போன பிறகு அவள் லேசைப் பார்த்துப் பின்னியதே கிடையாது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போது எதைப் பார்ப்பது? கை தன் பாட்டுக்குப் பின்னிக்கொண்டே இருந்தது, மனசு உஸ்மா சாப்பிட்டாளா, எங்கே படுத்திருக்கிறாள் என்று அலைந்துகொண்டே இருந்தது. பின்னியதைச் சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவாள், பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அந்த மாதங்களில் எப்போதோ மகளின் கை தாயின் கைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தாயிடம் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் அஸ்மத் வாய்விட்டு அழுதாள். பெண் தொலைந்த அன்று கூட அப்படி அழவில்லை, அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இன்று காலை வரை அவளுக்கு மகள் எங்கேயோ இருந்தாள். மத்தியானம் இந்த ஊருக்கே வந்துவிட்டாள், ஆட்டோ ஏறினால் பார்த்துவிடலாம் என்கிற தூரத்தில் இருந்தாள். இப்போது மறுபடியும் எங்கேயோ போய்விட்டாள். இந்த முறை போலீசில் சொல்லக்கூட ஒன்றும் இல்லை. சரசு அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். கடை வாசலில் கிரிவலத்துக்கு வந்தவர்கள் சிலர் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

சரசு ஒரு ஆட்டோவைப் பிடித்து ஏற்றிவிட்டாள். துணைக்கு வருகிறேன் என்றாள், அஸ்மத் வேண்டாம் என்றுவிட்டாள். பாதி வழியில்தான் அவளுக்குப் புருஷனிடம் போனில் சொன்னது ஞாபகம் வந்தது.  சும்மாவே பேசாத மனுஷன். இனி என்ன சொல்வாரோ. அவசரப்பட்டு உளறிவிட்டேன் என்று சொல்லலாமா, வேறு யாரோ பெண்ணாம் என்று சொல்லலாமா என்று மனதுக்குள் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டே வந்தாள். எதுவும் சரிப்படவில்லை.

பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் ஆட்டோ தெருவுக்குள் வந்தது. கடை ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. வியாபார நாளில் சாந்த் பாஷா இவ்வளவு சீக்கிரம் கடையை மூடி அவள் பார்த்ததில்லை. வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது, எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து கறி வேகிற வாசனை வந்தது. அந்த மனுஷன் கைக்கு அடுப்பு பற்ற வைக்கக்கூடத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் உள் அறையிலிருந்து வந்தார். தாடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் பெரிய ஊசியும் நூலும். அவருக்குப் பின்னால், உஸ்மா படுக்கிற கட்டிலில், புது மெத்தை ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. இலவம் பஞ்சு. யாருக்கும் சாமானியத்தில் கொடுக்காத சரக்கு.

அவர் அஸ்மத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"வெளியவே நிக்கிறாளா?" என்று மெல்லக் கேட்டார். "பயப்படறாளா? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு சொல்லு அஸ்மத். படிக்கணும்னா படிக்கட்டும். கல்யாணம் வாணாம்னா வாணாம். நீ சொல்லு அவகிட்ட."

அஸ்மத் வாயைத் திறந்தாள். "ஏங்க" என்பதற்கு மேல் வரவில்லை.

"சரி, நானே கூப்பிடறேன்" என்று அவளை விலக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு இரண்டு படியும் இறங்கித் தெருவுக்குப் போனார். ஆட்டோ போய்விட்டிருந்தது. ஊசியைப் பிடித்த கையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, தெருவே கேட்கட்டும் என்பது போலக் குரலை உயர்த்தி, "உஸ்மா, வாம்மா உள்ள. அப்பா கூப்பிடறேன், வாம்மா" என்று கூப்பிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் மறுபடியும் கூப்பிட்டார்.